தாத்தாவின் குண்டு அச்சும் கொஞ்சம் பன்றிக்கொழுப்பும்

தாத்தா சாகும்போது தன் பழைய துப்பாக்கியை யார் பெயருக்கும் எழுதி வைக்கவில்லை. "வருஷா வருஷம் சுட்டுப் பாருங்க. ஜெயிக்கிறவங்க வீட்டுச் சுவத்துல அது தொங்கட்டும். தோக்குறவங்க குண்டு அச்சை வச்சுக்கட்டும். அந்த அச்சுல தன் கையால குண்டு ஊத்தினவங்க யாரும் சுடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

அந்தத் துப்பாக்கிக்கு எந்தக் கடையிலும் குண்டு கிடைக்காது. ஈயத்தை உருக்கி அந்த அச்சில் ஊற்றினால்தான் உண்டு. ஆகவே துப்பாக்கி வைத்திருப்பவரும் அச்சு வைத்திருப்பவரும் பேசிக்கொள்ளாமல் இருக்கவே முடியாது. குடும்பம் பிரியக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார் என்று எங்கள் பாதிரியார் சொல்வார். சண்டையை வேடிக்கை பார்க்கத்தான் செய்தார் என்று அம்மா சொல்வாள். அவள் அவருடைய மகள். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அம்மாவின் அண்ணன் ஹோபர்ட் மாமா வீட்டில்தான் துப்பாக்கி தொங்கிக்கொண்டிருந்தது. அச்சு எங்கள் வீட்டில். வருஷா வருஷம் மாமாவே ஜெயித்ததால் இரண்டும் ஒருபோதும் இடம் மாறியதில்லை. அப்பா மட்டும் நம்பிக்கையை விடாமல் கூடத்துக் கணப்புக்கு மேலே பெரிய ஆணி ஒன்றை அடித்து வைத்திருந்தார். அம்மா அதில் ஈ அடிக்கும் மட்டையை மாட்டுவாள். அப்பா அதை எடுத்துக் கீழே வைப்பார். மறுபடி அவள் மாட்டுவாள். இதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

இந்த அக்டோபரில் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தன் குண்டுகளை ஊற்றி முடித்துவிட்டு மாமா அச்சைத் திருப்பிக் கொண்டுவந்தார். கந்தல் துணியில் சுற்றியிருந்தது. துணியிலிருந்து எண்ணெய் சொட்டியது.

"நல்லா எண்ணெய் போட்டிருக்கேன் மாப்ளே. துருப் புடிச்சா எங்கப்பா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்துருவாரு."

"இது எண்ணெய் போட்டதா மச்சான்? ஊறுகாய் போட்டிருக்க" என்றார் அப்பா.

மாமா சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறிப் போனார்.

அச்சு என்பது ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு இரும்புக் கட்டிகள். நடுவில் குண்டின் வடிவத்தில் குழி. மேலே பக்கவாட்டில் நகரும் ஒரு தகடு. சூடான அச்சில் தகடு திரும்பும் கீலுக்கும் தகட்டின் அடிப்பக்கத்துக்கும் பஞ்சுக்குச்சியால் எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். "எண்ணெய் இருக்கா இல்லையான்னு நமக்கே சந்தேகம் வரணும். அவ்வளவுதான் அளவு" என்பார் அப்பா. குழிக்குள் மட்டும் துளிகூடப் போகக் கூடாது. போனால் உருகிய ஈயம் ஒழுங்காக ஒட்டிப் படியாது. குண்டு சுருங்கிச் சுருங்கி உலர்திராட்சை மாதிரி வெளியே வரும். அப்படிப்பட்ட குண்டு எங்கே போகும் என்று சுட்டவருக்கும் தெரியாது, குண்டுக்கும் தெரியாது.

அதனால் அப்பா முதலில் அச்சைக் கழுவினார். அங்கேதான் தப்பு நடந்தது. சமையலறைத் தொட்டியில் கழுவினார்.

"டோர்சி, என் தொட்டியில என்ன பண்ற?" என்று அம்மா அப்பாவைக் கேட்டாள்.

"அச்சு கழுவுறேன்."

"சோப்பு போட்டா?"

"பின்ன ஜெபம் பண்ணியா கழுவ முடியும்?"

அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். எங்கள் வீட்டு இரும்புச்சட்டிகள் அவளுடைய பாட்டி காலத்தவை. ஒன்றுகூடச் சோப்பைக் கண்டதில்லை. சோப்புப் பட்டால் கொழுப்பு ஏறிப் பழகிய இரும்பு கெட்டுவிடும் என்பாள். மாமாவின் மனைவி கல்யாணமான புதிதில் ஒரு சட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டார். அவருக்கு இப்போது பேரன் இருக்கிறான். அம்மா இன்னும் அவரைப் பற்றிப் பேசும்போது "நல்ல பொண்ணுதான், ஆனா..." என்றுதான் ஆரம்பிப்பாள்.

"இரும்புக்குப் போய்ச் சோப்பா. அதுவும் எங்கப்பாவோட அச்சுக்கு."

"இது சட்டி இல்ல, ஒனீடா."

"இரும்புதான?"

அப்பா அச்சைத் துடைத்து அடுப்புப் பக்கத்தில் காய வைத்துவிட்டுப் போனார். இரும்பு வெளுத்து, அம்மணமாக உட்கார்ந்திருந்தது. அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு பன்றிக்கொழுப்பு டப்பாவைத் திறந்து, ஒரு விரலால் வழித்து, அச்சுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு இடம் விடாமல் தடவினாள். நான் அங்கேயே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. அந்த அடுப்புப் பக்கம் எந்த இரும்பு வந்தாலும் அம்மா அப்படித்தான் செய்வாள்.

மறுநாள் அப்பா வண்டிக் கொட்டகையில் ஈயத்தை உருக்கி ஊற்றினார். வந்ததெல்லாம் உலர்திராட்சை.

"ஹோபர்ட் பண்ண வேலை. எண்ணெய் இரும்புக்குள்ளயே ஊறிப் போச்சு" என்றார். மறுபடி கழுவினார். அடுப்புப் பக்கம் காய வைத்தார். அம்மா தடவினாள். மறுபடி திராட்சை. அப்பா கொதிக்கிற வெந்நீரில் போட்டுக் கழுவினார். அம்மா இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தடவினாள். வாரம் முழுக்க இப்படியே போனது. சுருங்கிய குண்டுகளையெல்லாம் அப்பா திரும்பத் திரும்ப உருக்கினார். ஆணியையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவருக்குத் தாங்கவில்லை. மாமாவுக்குப் போன் செய்தார். "நேர்ல வா. நீ பண்ண காரியத்தை உன் கண்ணால பாரு."

மாமா நேராகக் கொட்டகைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். எங்கள் நாய் டியூக் ஈயம் உருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போகாது. ஒருமுறை வால் சுட்டுக்கொண்டது. அன்றைக்கு அது அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அச்சையே பார்த்துக்கொண்டு எச்சில் வடித்துக்கொண்டிருந்தது.

"வேணும்னே எண்ணெயில முக்கிக் குடுத்திருக்க" என்றார் அப்பா.

"ஜெயிக்கத் தெரியாதவனுக்கு எண்ணெய் வழுக்குதாம்."

"பாரு. இந்தா, பாரு." அப்பா அச்சைச் சூடாக்கினார். மெல்லப் புகை வந்தது. மாமா மூக்கைத் தூக்கினார்.

"மாப்ளே, நீ குண்டு ஊத்துறியா, கோழி பொரிக்கிறியா?"

அப்பாவும் மோந்து பார்த்தார். டியூக் எழுந்து நின்று வாலை ஆட்டியது.

"இது எங்கம்மா சமையக்கட்டு வாசனை" என்று மாமா மெதுவாகச் சொன்னார். இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வீட்டுப் பக்கம் கையை மட்டும் காட்டினேன்.

அப்பா கூப்பிட்டதும் அம்மா மாவு பிசைந்த கையோடு கொட்டகை வாசலுக்கு வந்தாள். அப்பா அச்சை நீட்டினார். "ஒனீடா, இதுக்குக் கொழுப்பு தடவினியா?"

"ஆமா. நீ கழுவக் கழுவ நானும் தடவிக்கிட்டுத்தான் இருந்தேன். உனக்கு நன்றின்னு ஒரு வார்த்தை வரல."

மாமா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாளைக்குப் போட்டி" என்றார் அப்பா. "என்கிட்ட ஒரு நல்ல குண்டுகூட இல்ல."

அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறியது. "நீ எங்க என்னை முடிக்க விட்ட? பச்சைக் கொழுப்போட எடுத்துக்கிட்டு ஓடினா பிசுபிசுன்னுதான் இருக்கும். மெல்லிசாத் துடைச்சு, கவுத்து வச்சு, ரொட்டி சுடுற சூட்டடுப்புல காய விட்டாத்தான் இரும்பு பழகும். சாயங்காலம் வரைக்கும் அதை என்கிட்ட விடு. தொடாத."

"வேற வழி இல்ல மாப்ளே" என்றார் மாமா. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. "இன்னைக்கு மதியச் சாப்பாட்டுக்கு உங்க வீட்டுல அச்சுதான்."

அச்சு சோளரொட்டிச் சட்டிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்து வெந்தது. அப்பா சூட்டடுப்புக் கதவைத் திறக்கப் போகும்போதெல்லாம் அம்மா துணியால் கையில் அடித்தாள். சாயங்காலம் அது கறுத்து, உலர்ந்து, தொட்டால் பட்டுப் போல இருந்தது. கையில் எதுவும் ஒட்டவில்லை. அம்மாவே அதைக் கொட்டகைக்கு எடுத்துப் போனாள். திரும்பி வர அவளுக்குக் கொஞ்ச நேரமானது. "இப்ப போ" என்றாள் அப்பாவிடம்.

வழக்கமாக அப்பா குண்டு வெளியே விழுவதற்காக அச்சின் கைப்பிடியை மரக்கட்டையால் தட்டுவார். அன்றைக்கு அச்சைத் திறந்ததுமே குண்டு தானாக விழுந்தது. ஒரு சுருக்கம் இல்லை. அப்பா அதை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். அப்புறம் உள்ளே வந்து அம்மா சுட்ட சோளரொட்டி பிரமாதம் என்றார். அவள் இன்னும் அதைப் பரிமாறியிருக்கவில்லை.

போட்டி மாமாவின் அறுத்த சோளக்காட்டில் நடந்தது. பலகையில் கரியால் போட்ட பெருக்கல் குறிதான் இலக்கு. மாமா சுட்டார். குண்டு குறிக்கு ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளிப் பாய்ந்தது. அப்பா சுட்டார். அரை விரல்தான் தள்ளி இருந்தது. அப்பா பலகையை இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்க குடு" என்றாள் அம்மா. ஏப்ரன் பையிலிருந்து ஒரு குண்டை எடுத்தாள்.

"இது ஏது?" என்றார் அப்பா.

"நேத்து நான் ஊத்தினது. மொத ரொட்டி சுட்டுப் பாக்காம யார் கையிலயாவது சட்டியைக் குடுத்திருக்கேனா?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. தனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அப்பாவுக்குக் கிடைக்கக் கூடாது.

"தன் கையால ஊத்தினவங்க யாரும் சுடலாம். எங்கப்பா வார்த்தை, மாப்ளே. நான் என்ன செய்ய முடியும்?"

எங்கள் பீன்ஸ் தோட்டத்துக்கு வரும் பெருச்சாளிகளை அம்மா சமையலறை ஜன்னலிலிருந்தே சுடுவாள். அதை அப்பா அந்த நேரத்தில் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவர் முகம் அப்படித்தான் இருந்தது.

அம்மா சுட்டாள். பலகையில் பெருக்கல் குறி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

"பரவாயில்ல" என்றார் அப்பா வண்டியில் திரும்பும்போது. "எப்படியோ நம்ம வீட்டுக்குத்தான வருது."

"என் வீட்டுக்கு" என்றாள் அம்மா.

துப்பாக்கி இப்போது சமையலறையில், அடுப்புக்கு மேலே, சட்டிகளோடு தொங்குகிறது. தோற்றவர்கள் இரண்டு பேர் என்பதால் அச்சு யாருடையது என்று அப்பாவும் மாமாவும் வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். சண்டை முடியும்வரை அது சூட்டடுப்பிலேயே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். யாருக்கு வேண்டுமானாலும் அவளிடம் கேட்டு வாங்க வேண்டும். கையைக் காட்ட வேண்டும். சோப்பு வாசனை வந்தால் கிடையாது.

கூடத்து ஆணியில் ஈ அடிக்கும் மட்டை தொங்குகிறது. அப்பா இப்போதெல்லாம் அதை எடுப்பதில்லை.