கிண்ணத்தில் போன ஷவர்

குஜந்த் நகரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஐந்தடுக்குக் கட்டடங்களில் உச்சி வீட்டுக்காரர்களுக்கென்று ஒரு தலையெழுத்து உண்டு. கோடை வந்துவிட்டால், கீழ்வீடுகள் குளித்து முடித்து மிச்சம் வைப்பதுதான் அவர்களுக்குத் தண்ணீர். மினிபஸ் ஓட்டும் நயிம் அப்படி ஓர் உச்சி வீட்டுக்காரன். விடியலில் குழாய் ஒழுங்காக வரும், வாளிகளை நிரப்பிக்கொள்ளலாம். சாயங்காலம் ஷவரைத் திறந்தாலோ அது இரண்டு தடவை இருமும், கொஞ்சம் துப்பும், பிறகு நூல் மாதிரி ஒழுகும்.

நயிமுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. மொட்டை மாடிக்குப் போகும் ஏணி அவன் வீட்டு வாசலிலேயே இருந்தது. அங்கே அவனுடைய புறாக்கள் இருந்தன. புறா வளர்ப்பவனுக்கு உச்சி வீட்டைவிட வேறென்ன வேண்டும்? வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு மேலே ஏறிவிடுவான்.

வருத்தமெல்லாம் அவன் மனைவி சுலைக்கோவுக்கு. அவள் ரொட்டிக் கடையில் நாள் முழுக்கத் தந்தூர் அடுப்பின் முன்னால் நிற்பவள். மாவும் வியர்வையுமாக அத்தனை படிகளும் ஏறி வந்து ஷவரைத் திறப்பாள். அது இருமுவதைக் கேட்டதும் அவள் முகம் போகிற போக்கை நயிம் பார்க்க மாட்டான், வேறு வேலை இருப்பது போல நகர்ந்துவிடுவான். ஒரு நாள் அவள் சத்தம் போடாமல் சொல்லிவிட்டாள். அவள் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு வீடு விலைக்கு வருகிறது, இலையுதிர் காலத்துக்குள் இதை விற்றுவிட்டு அங்கே போய்விடலாம் என்று. அங்கே புறாவுக்கு இடமில்லை. அண்ணன் இரண்டு பூனை வளர்க்கிறான்.

நயிமுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சந்தையில் குழாய்ச் சாமான் விற்கும் நண்பன் ஒருவன் புதுவகை ஷவரைப் பற்றிச் சொன்னான். அது தண்ணீரோடு காற்றைக் கலந்து விடுமாம். செலவாவது பாதித் தண்ணீர்தான், உடம்புக்கு மட்டும் முழுசாகக் குளித்தது போலவே இருக்குமாம். நயிம் உடனே ஒன்றை வாங்கி வந்து தன் வீட்டில் மாட்டினான். சாயங்காலம் சுலைக்கோ திறந்தாள். முன்பு இருமவாவது செய்தது, இப்போது அதுவும் இல்லை. வராத தண்ணீரில் எதை மிச்சம் பிடிப்பது என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. ஷவரை மாட்ட வேண்டியது இங்கே இல்லை, கீழே. தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டியவர்கள் தண்ணீர் உள்ளவர்கள்தானே. சந்தைக்குப் போய் இன்னும் இரண்டு வாங்கி வந்தான்.

அதே குழாயில் கீழே இருந்த நாலு வீட்டில் இரண்டு பூட்டிக் கிடந்தன, அந்தக் குடும்பங்கள் பிழைப்புக்காக ரஷ்யாவில். நேர் கீழ்வீட்டுக்காரருக்கும் இதே கஷ்டம் என்பதால் உடனே மாட்டிக்கொண்டார். மிச்சம் இருந்தது தரைத்தளத்து ஹோசியத் அக்கா. அவள் புருஷனும் ரஷ்யாவில்தான். வீட்டில் மூன்று பெண்கள், மூன்று பேருக்கும் இடுப்பைத் தாண்டிய கூந்தல். ஒருத்தி குளித்து வந்து அடுத்தவள் நுழையும்வரை ஷவர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும், மூடுகிற பழக்கமே கிடையாது. அவர்கள் குளித்து முடிக்கும்வரை மேலே சுலைக்கோ துண்டோடு உட்கார்ந்திருப்பாள்.

நேரே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் பெண்கள் இருக்கிற வீட்டில் போய் “நீங்கள் ரொம்ப நேரம் குளிக்கிறீர்கள்” என்று எப்படிச் சொல்வது? நயிம் யோசித்துக்கொண்டிருந்தபோது ஹோசியத்தே ஒரு கிண்ணம் அனுப்பினாள். பாசிப்பயறும் அரிசியும் கறியும் சேர்த்துக் குழையச் சமைத்து, மேலே கெட்டித் தயிர் விட்டது. அக்கம்பக்கத்திலிருந்து கிண்ணம் வந்தால் வெறும் கிண்ணமாகத் திருப்பக் கூடாது. சுலைக்கோ எப்போதும் ரொட்டியோ வாதுமைப் பருப்போ வைத்து அனுப்புவாள். அன்று அவள் கடையில் இருந்தாள். நயிம் தன்னைவிடக் கெட்டிக்காரன் இந்தக் கட்டடத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டு, கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, அதில் பளபளக்கும் புது ஷவரை வைத்து, கிண்ணம் கொண்டுவந்த கடைக்குட்டிப் பெண்ணிடமே கொடுத்தனுப்பினான்.

அன்று சாயங்காலம் மாடிப்படி முழுக்க ஹோசியத்தின் குரல்தான். யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை. கல்யாணத்துக்கு மூன்று பெண்களை வைத்திருக்கும் வீட்டுக்குக் குளிக்கிற சாமானை அனுப்புகிறார்கள் என்றால், என் பெண்கள் குளிக்காமல் நாறுகிறார்கள் என்று ஊரில் பேச்சா, பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆவது என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். தன் பெண்கள் குளிக்கிறவர்கள்தான் என்பதை நிரூபிப்பது போல அன்று ராத்திரி வெகுநேரம் கீழே தண்ணீர் ஓடியது.

“நூல் மாதிரி வந்த தண்ணியும் போச்சு,” என்றாள் சுலைக்கோ. “அண்ணன்கிட்ட நாளைக்கே பேசிடறேன்.”

நயிம் மொட்டை மாடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன். ஒரு தடவை மச்சான் காரை இடித்துவிட்டு, கார் அங்கே நின்றது தப்பு என்று சாதித்தவன். இப்போது இறங்கிப் போய் அடிவீட்டுக் கதவைத் தட்டினான். ஹோசியத் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“தப்புப் பண்ணிட்டேன் அக்கா, மன்னிச்சுக்குங்க,” என்றான். காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. “உங்க பொண்ணுங்களைச் சொல்லல. சாயங்காலமானா எங்க வீட்டுல தண்ணி வர்றதில்ல. சுலைக்கோ அடுப்புல நின்னுட்டு வந்து குளிக்க முடியாம தவிக்கிறா. உங்ககிட்ட வாயைத் திறந்து சொல்ல எனக்குத் துப்பில்ல.”

ஹோசியத் கதவை முழுசாகத் திறந்தாள்.

“அட மடையா, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? அவ இங்க வந்து குளிக்கட்டும். தெனம் வரட்டும். இது அவ வீடு மாதிரி.”

ஷவரை மாட்டுகிறேன் என்று சொல்ல நயிம் வாயெடுப்பதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது. மேலே ஏறி வந்தபோது அவனுக்குத் தோற்றுப் போனது போலத்தான் இருந்தது. நடந்ததைச் சொன்னான். சுலைக்கோ போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

மறுநாளிலிருந்து அவள் வேலை முடிந்ததும் கையில் சூடான ரொட்டியோடு நேரே அடிவீட்டுக்குப் போனாள். போனவள் லேசில் வெளியே வரவில்லை. தலைக்குத் தேய்த்தாள், முதுகுக்குத் தேய்த்தாள், குதிகாலைக் கல்லால் உரசினாள், பாடினாள். வெளியே மூன்று பெண்களும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். விருந்தாளியைப் போய்ச் சீக்கிரம் வா என்று சொல்ல முடியுமா? குளித்து வந்தவளுக்கு டீ வைக்க வேண்டும், வைத்த டீயை அவள் நிதானமாகக் குடிப்பாள். வேண்டுமென்றே செய்தாளா, அல்லது இத்தனை வருஷத்துக் குளியலையும் ஒன்றாகச் சேர்த்துக் குளித்தாளா என்பது அவளுக்கே வெளிச்சம். அவள் முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்திருந்ததென்னவோ உண்மை. ரொட்டிக் கடையில்கூடக் கேட்டார்களாம்.

இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, நயிம் வண்டியை நிறுத்திவிட்டு வரும்போது ஹோசியத் வாசலில் காத்திருந்தாள். கையில் அதே ஷவர்.

“தம்பி, இதை மாட்டினா மேல தண்ணி ஏறுமா?”

“ஏறும் அக்கா.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“அப்ப இப்பவே மாட்டு. உன் பொண்டாட்டி தங்கமானவ, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா அவ அவ வீட்டுலயே குளிக்கட்டும்பா. பொண்ணுங்க வரிசையில நின்னு நின்னு என் உயிரை வாங்குதுங்க.”

நயிம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்தான். ஹோசியத் திறந்து பார்த்தாள், உள்ளங்கையை நீட்டினாள், பிறகு முழங்கையை நீட்டினாள். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை. மூத்தவள் உள்ளே போய்க் குளித்துவிட்டு வந்து, அம்மா இது முன்னதைவிட மெத்தென்று இருக்கிறது என்றாள். ஒருத்தி வெளியே வந்தால் தண்ணீரை மூடிவிட்டுத்தான் அடுத்தவள் போக வேண்டும் என்று ஹோசியத் அப்போதே சட்டம் போட்டாள்.

நயிம் மேலே ஓடினான். பாதித் தண்ணீர் ஷவரைத் தன் வீட்டில் அவன் கழற்றவே இல்லை, அதுதான் நல்லது என்று இப்போது பட்டது. திறந்தான். இருமல் இல்லை. தண்ணீர் அகலமாக, நிதானமாக, குளியலறைச் சுவரெல்லாம் தெறிக்க இறங்கியது. சட்டை நனைவதைப் பொருட்படுத்தாமல் அதன் கீழே கையை வைத்துக்கொண்டு நின்றான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

அன்று சுலைக்கோ தன் வீட்டிலேயே குளித்தாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நயிம் அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தான். கேட்கப் பயமாகத்தான் இருந்தது.

“உங்க அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போற?”

“அதெல்லாம் எப்பவோ சொல்லியாச்சு.”

“என்னன்னு?”

“வீடு வேண்டாம்னு.”

“எப்ப சொன்ன?”

“நீங்க கீழ போய் அக்கா வாசல்ல நின்னுட்டு வந்தீங்களே, அன்னைக்கே.”

“அன்னைக்குத் தண்ணி வரலையே சுலைக்கோ.”

“வரலதான். ஆனா எனக்காக நீங்க ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க என்கிட்டகூட அதைக் கேட்டதில்ல.”

நயிம் டீக் கோப்பையைக் கீழே வைத்தான். கேட்டிருக்க வேண்டிய இடங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. துண்டோடு அவள் உட்கார்ந்திருந்த சாயங்காலங்களும், அப்போது தான் ஏணியில் ஏறிப் போனதும் வந்தன.

“மன்னிச்சுக்க,” என்றான்.

சுலைக்கோ தலையைச் சாய்த்து ஒரு காதைத் தட்டினாள். “காதுல தண்ணி போயிருக்கு. சரியா கேக்கல.”

நயிம் இன்னொரு தடவை சொன்னான்.