சக்கரமில்லாத முதல் வகுப்பு

1

இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஹாலிஎல பக்கம் ரயிலில் பசியோடு போனபோது நானே உண்டாக்கினேன். பசியில் பிறந்ததால் இதில் நீதி கிடையாது, சோறு உண்டு.

தொடக்கம் ஒன்று: “பனி மூடிய மலைச்சாரலில் ஒரு பழைய ரயில் பெட்டி தனிமையில்...”

வேண்டாம். பெட்டிக்கு ஏது தனிமை?

தொடக்கம் இரண்டு: பதுளைக்கு ரயில் வந்து இரண்டு வருஷம், அதாவது 1926. ஏலத்தில் போன முதல் வகுப்புப் பெட்டி ஒன்றைச் சக்கரம் கழற்றி, ஹாலிஎல ரோட்டோரம் இறக்கி, வடிவம்மா சோற்றுக்கடை வைத்தாள். (இழுத்து வந்தவை பதினாறு யானைகள். நம்பாதவர்கள் மூன்று என்று படித்துக்கொள்ளலாம்.)

பதுளையில் அவள் அண்ணன்மார் கடைகளில் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு வெளியே நிற்கவைத்து, சிரட்டையில்தான் தேநீர். இவள் உள்ளே மெத்தையில் உட்காரவைத்து, பித்தளைத் தம்ளரில் கொடுத்தாள்.

2

முதல் நாள், பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் ஏறாமல் நின்றார்கள்.

“ஏன் நிக்கிறீங்க?”

“மணி அடிக்கலையேம்மா” என்றான் மாடசாமி.

வடிவம்மா கரண்டியால் அண்டாவில் அடித்தாள். ஏறினார்கள். சாப்பிட்டு எழுந்த மாடசாமி எட்டிப் பார்த்தான்.

“எங்கம்மா வந்திருக்கோம்?”

“ஹாலிஎலதான்.”

“அட, இவ்வளவு சோறு தின்னும் ஒரு ஊரு தாண்டலையே! டிரைவரை மாத்துங்க.”

(இவன் நிஜமாகவே அப்பாவியா, நடிக்கிறானா? நான் படைத்த ஆள்தான். என்னிடமே சொல்ல மறுக்கிறான்.)

3

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி கந்தப்பன் வந்தார். தன் ஆட்கள் மெத்தையில் சாய்ந்திருப்பதைப் பார்த்தார்.

“வடிவம்மா, இவனுங்களுக்கு வெளிய சிரட்டையில ஊத்து. இப்பிடி குந்த வச்சா நாளைக்குக் காலையில ஆள் எண்ணுற பெரட்டுல எவன் எனக்கு முன்னால கைகட்டி நிப்பான்?”

“வெளியவும் ஊத்துறேன் கங்காணி, உங்களுக்கு. சிரட்டை கழுவித்தான் இருக்கு.”

உள்ளே யாரோ சிரித்துத் தொலைத்தார்கள். (நான்தான்.)

“இது தோட்டத்து மண்ணு. நாளைக்கே மாடு பூட்டி இந்தப் பெட்டிய ஓடையில தள்ளுறேன்.”

“தள்ளுங்க. சாப்பிடுறவங்க எந்திரிச்சதும்.”

4

மறுநாள் எட்டு ஜோடி மாடு வந்தது. கயிறு கட்டியாயிற்று. உள்ளே ஒருவரும் எழவில்லை. வடிவம்மா மறுசோறு போட்டாள். கொழுந்து பறிக்கிற அங்கம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“கங்காணியாரே, பாத்து இழுக்கச் சொல்லுங்க! ரசம் சிந்துது!”

முடிவுகள்:

கயிறு அறுந்தது. மலிவான முடிவு, கயிறு விற்றவன் கோபிப்பான்.

பெட்டி மாடுகளையும் கங்காணியையும் இழுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடியது. எனக்கு மிகவும் பிடித்தது. சக்கரம் இல்லாதது இடிக்கிறது.

பெட்டி ஓடையில் விழுந்தது. மறுபடி எல்லோரும் வெளியே, கையில் சிர...

எழுதமாட்டேன். என் பேனா கங்காணி பூட்டிய மாடு அல்ல.

ஆகவே நிலைமை இதுதான்: கயிறு விறைத்துவிட்டது, பெட்டி முனகுகிறது, அது நகராமலிருக்க உள்ளே இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும். வாசகரே, ரோட்டில் நின்று என்ன வேடிக்கை? அங்கம்மா நகர்ந்து இடம் விட்டிருக்கிறாள். ஏறி உட்காருங்கள்.