நான் எழுத மறுக்கும் நிலநடுக்கம்

1

இந்தக் கதை பிறந்ததே என் மனைவி என்னை விரட்டியதால்தான். அவள் கட்டடப் பொறியாளர். எங்கள் பழைய வீட்டின் மாடிச் சுவர்கள் மரச் சட்டங்களுக்கு நடுவே செங்கல் அடைத்துக் கட்டியவை. நிலம் நடுங்கினாலும் விழாதபடி, மூட்டுக்கு மூட்டு இரும்புத் தகடு வைத்து அவற்றைப் பலப்படுத்த அவளும் தச்சரும் கிளம்பியிருக்கிறார்கள். நானும் சுத்தியலோடு போய் நின்றேன். "நீங்க போய் ஏதாவது எழுதுங்க, புண்ணியமாப் போகும்" என்றாள். எழுதுகிறேன்.

பூமி அதிர்ந்தது. சுவர் சரிந்து

(நிறுத்திவிட்டேன். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் ஐந்து வயது மகளின் கட்டில் கிடக்கிறது. அவள் இப்போது பள்ளியில் இருக்கிறாள். இருந்தாலும் கை வரவில்லை.)

2

வேறு தொடக்கம். தச்சர் மரத்தைத் தடவியபடி, "மரம் பேசும், சார்" என்றார்.

(பொய். அவர் கேட்டது, "சார், போன் சார்ஜர் இருக்கா?")

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். கைவசம் என் மாமனார் இருக்கிறார். தங்கமான மனிதர், சும்மா இருக்கத்தான் தெரியாது. [இதைப் படித்த மனைவி, "எங்கப்பாவ இதுல இழுக்காதீங்க" என்றாள். சரி, 'ஒரு பெரியவர்' என்று வைத்துக்கொள்வோம்.]

மனைவியும் தச்சரும் டீ குடிக்கக் கீழே இறங்கிய நேரம், பேத்தி படுக்கிற இடமாயிற்றே என்று அந்தப் பெரியவர் மூட்டுகளில் தெரிந்த சந்துகளிலெல்லாம் ஆப்பு இறக்கி, மேலே சிமெண்டும் பூசிவிட்டார். அவர்கள் திரும்பி வந்ததும் சுவரைத் தோளால் முட்டிக் காட்டினார்.

"பாத்தியாம்மா, மலை மாதிரி நிக்குது!"

மனைவி தலையில் கை வைத்தாள். "அப்பா, அது அசையணும்ப்பா! மூட்டு கொஞ்சம் நெளிஞ்சு குடுத்தாத்தான் அதிர்ச்சியத் தாங்கும். இப்படி இறுக்கிட்டா மொத்தமா முறிஞ்சு அவ மேலதான் விழும்."

"பாப்பா மேலயா?"

பெரியவர் முகம் செத்துப்போனது. உளியை எடுத்தார்.

4

(இங்கே ஒரு பக்கம் முழுக்கச் சிமெண்ட் சுரண்டும் வர்ணனை இருந்தது. எனக்கே இருமல் வந்ததால் தூக்கிவிட்டேன்.)

ஆப்புகள் வெளியே வந்தன. தகடுகளை முடுக்கியதும் நான்கு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். சுவர் முனகியது, மயிரிழை நகர்ந்தது, திரும்பி வந்து நின்றது. மனைவி கைதட்டினாள்.

"ஐயய்யோ, ஆடுதே!" என்று அலறினார் மாமனார். மன்னிக்கவும், பெரியவர்.

"ஆடட்டும்ப்பா, அதுக்குத்தானே இவ்வளவும்!"

5

முடிவு அ: நிலநடுக்கம் வருகிறது. சுவர் நெளிந்து கொடுத்து நிற்கிறது. எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறோம். பிரமாதம். ஆனால் நிலநடுக்கம் வந்தாக வேண்டும்.

முடிவு ஆ: நிலநடுக்கம் வருகிறது. பெரியவர் பேத்தியை அள்ளிக்கொண்டு மாடிப்படியில் (வேண்டாம், வேண்டாம்.)

முடிவு இ: எதுவும் வரவில்லை.

"இதான் நல்ல முடிவு" என்றாள் மனைவி.

"ஒண்ணுமே நடக்கலியே. இதுல கதை எங்க இருக்கு?"

"ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னுதான் நான் சம்பளம் வாங்குறேன்."

மகள் பள்ளியிலிருந்து வந்து, காலுறையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து தூங்கிவிட்டாள். சுவர் தாங்கும் என்கிறாள் மனைவி. நம்புகிறேன். ஆனாலும் நிலநடுக்கத்தை என் கையால் எழுத மாட்டேன். வேண்டுமென்றால் உங்கள் வீட்டில் வைத்து நீங்களே எழுதி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாமா என்று பார்த்தேன்.

அங்கேயும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.