ரோஸ் நிறச் சுவரும் மாமனாரின் நகமும்

யுத்தம் முடிந்து, சுண்ணாம்பில் கலக்கும் சாயப்பொடி மறுபடி கடைகளில் தலைகாட்டிய வருஷம். அதுவரை அடக்கி வைத்திருந்த ஆசையையெல்லாம் பட்டணம் சுவரில் பூசிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து என் மாமனார் அய்யாதுரை சாத்தூரிலிருந்து வந்து இறங்கினார், எங்களைப் பெயர்த்துக்கொண்டு போக.

"குண்டு விழுமின்னு பாதிச் சனம் விட்டுட்டு ஓடுன ஊருல்லா இது? மயிலாப்பூர்க் கடையைப் பூட்டுங்க மாப்ள. சாத்தூர்ல எங்கடைக்குப் பக்கத்துலயே ஒரு ஜவுளிக்கடை போட்டுருவோம்."

என் மனைவி தங்கபுஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் இந்த ஊரைவிட்டுப் போக மனமில்லை. ஆனால் கடைக்கு முதல் போட்டவர் அவர், முறைத்துக்கொள்ள முடியுமா?

"ஒரு நாள் எங்கூட நடந்து ஊரைப் பாருங்க மாமா. அப்பவும் வேண்டாம்னா நானே பூட்டிட்டு வாரேன்" என்றேன்.

தியாகராய நகரில் ஆரம்பித்தேன். பனகல் பூங்காவைச் சுற்றிலும் புது வீடுகள். மூலையெல்லாம் வளைவு, கப்பல் மாதிரி பால்கனி, வெளிர்மஞ்சள், இளம்பச்சை. அத்தனையும் நானே நின்று கட்டியதுபோல நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

"இதுக்குப் பேரு பச்சையா? குளத்துப் பாசி" என்றார் மாமனார்.

லஸ் பக்கம் தோட்டத்து பங்களாக்களைக் காட்டினேன். "இவ்வளவு இடத்தை விட்டுட்டு நடுவுல போயி வீட்டக் கட்டிருக்கானே, வாசலுக்கு வாரதுக்குள்ள விருந்தாளி திரும்பிப் போயிருவானே!"

கோயில் குளத்தைச் சுற்றிய மாட வீதியில் தோளோடு தோள் ஒட்டி நின்ற காவிப்பட்டை வீடுகளுக்கும் கிடைத்தது: "ஒருத்தன் தும்முனா தெருவே 'நூறு' சொல்லும் போல."

சாந்தோமுக்குப் போகும்போது என் நெஞ்சு பழைய அளவுக்கு வந்துவிட்டது. அங்கே கிறிஸ்துமஸுக்காகச் சந்து முழுக்கப் புதுப்பூச்சு. ஒரு வீடு நீலம், ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ். ரோஸ் வீட்டுக்காரி பியாட்ரிஸ் டீச்சர், எங்கள் கடை வாடிக்கை, தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெள்ளையடிப்பவரை விரட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா நிறம் இது, நேத்து அறுத்த தர்பூசணியாட்டம்?"

"இன்னா பெரியவரே, இந்தச் சுவத்தப் பாத்து மொறைச்ச மொத ஆளு நீங்கதான். கண்ணுல தூசி கீதா?"

மாமனார் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "உப்புக்காத்துக்குப் பூச்சு நிக்குமா? கிணத்துத் தண்ணி எப்படி, வாயில வைக்கலாமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேலையை ஆகா ஓகோ என்று புகழ்கிறவள் எங்கள் கடையில் எதையும் வாங்கியதில்லை. கரை சரியில்லை, சாயம் நிக்காது என்று சுரண்டுகிறவள்தான் பொட்டலத்தோடு போவாள். இந்த வித்தையில் பிறந்து வளர்ந்தவன், ஊர்ப்பெருமை தலைக்கேறி மறந்துவிட்டிருக்கிறேன்!

உடனே முகத்தைத் தொங்கப்போட்டேன்.

"நீங்க சொல்லுததுதான் நியாயம் மாமா. பாசி, நெருக்கடி, உப்பு. ஊரா இது? நாளைக்கே மூட்டையைக் கட்டிருதேன்."

"யாரு மாப்ள ஊரு சரியில்லன்னது?" மாமனாரின் குரலுக்குத் தெருவே திரும்பியது. "அந்த வளைஞ்ச பால்கனியில நின்னா நாலு பக்கமும் காத்து! குளத்தச் சுத்தி எத்தனை வீடு, ஒண்ணு வரிசை தப்பி நிக்கா? ஆளுக்கொரு நிறத்தப் பூசிக்கிட்டு ஒருத்தனை ஒருத்தன் முறைக்காம வாழுதான். இத விட்டுட்டு வாரேன்னு சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வருது?"

"அப்படிப் போடுங்க!" என்றார் டீச்சர்.

நான் தலைகுனிந்து நின்றேன். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.

மாமனார் பக்கத்து மஞ்சள் வீட்டை மேலும் கீழும் பார்த்தார். "பூட்டிக் கெடக்கே, யாருதும்மா?"

"எங்கண்ணன் லூயிஸ் வீடு. வாடகைக்குத்தான் கீது."

"இது மஞ்சளா, மஞ்சக்காமாலையா?" என்றபடியே படியேறிவிட்டார். "தொறக்கச் சொல்லுங்க, பாத்துருவோம். மாப்ள, சாத்தூர்க் கடையை எந்தம்பி பாத்துக்கிடுவான். உங்க அத்தைக்கு மாடி ஏற முடியாது, கீழயே ரெண்டு ரூம் இருக்கான்னு கேளுங்க."