நாலாவது நெரை, மூன்றாவது மரம்

சனிக்கிழமை என்றால் கேப்ரியல் வேறு எந்த வேலையையும் ஒப்புக்கொள்வதில்லை. யார் வீட்டு விசிறி சுற்றாவிட்டாலும் சரி, எந்தக் கடையில் விளக்கு எரியாவிட்டாலும் சரி, "திங்கக்கிழம பாத்துக்கலாம் லா" என்று சொல்லிவிட்டு, ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டிலிருந்து செமோருக்குக் காடியைக் கிளப்பிவிடுவார். ஒன்பது வருஷமாக இதே கதைதான். "ஞாயித்துக்கிழம பூசைக்குக்கூட நீங்க இவ்ளோ நேரத்தோட கிளம்புனதில்ல" என்று அவர் மனைவி ஹில்டா கேலி செய்து பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

செமோரில் அவருக்காகக் காத்திருந்தது ஓர் அணுகுண்டு. பயப்பட வேண்டாம், காகிதத்தில்தான்.

காகிதத்துக்குச் சொந்தக்காரர் தர்மா. பத்து காஜா என்ற ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு தடவை ஏணியிலிருந்து விழுந்த கேப்ரியலின் முதுகைப் படம் எடுத்துவிட்டு, "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏணி மேல நின்னுக்கிட்டு போன் பேசுன மூளையத்தான் ஒரு படம் எடுக்கணும்" என்றார். வலியிலும் கேப்ரியலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதமே இருவரும் ஒருவருக்கொருவர் மச்சான் ஆகிவிட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தில் போட்ட முதல் குண்டு எப்படி வேலை செய்தது என்பதைத் துண்டு துண்டாகச் சேர்ப்பதுதான் அவர்களுடைய பைத்தியம். வேறென்ன சொல்ல? ஒருவர் எக்ஸ்ரே ஆள், ஒருவர் வயர்மேன், விஞ்ஞானத்துக்கும் இருவருக்கும் வெகுதூரம். ரகசியம் நீங்கி வெளியே வந்த பழைய படங்கள், விமானத்தில் போனவர்கள் வயதான பிறகு சொன்ன சங்கதிகள் என்று கிடைத்ததையெல்லாம் தர்மா நகலெடுத்து வைப்பார். பக்கத்தில் நிற்கும் ஆளின் உயரத்தைக் கொண்டு குண்டின் நீளத்தைக் கணக்குப் போடுவார். கேப்ரியல் அதை மரத்தில் செதுக்கிப் பார்ப்பார். குண்டின் வயிற்றுக்குள் போவதில்லை என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டார்கள். "நமக்கு வேண்டியது குண்டு இல்ல மச்சான். அதத் தொட்டானே, அந்தக் கை" என்பார் தர்மா.

அதற்குக் காரணம் இருந்தது. தர்மாவின் தாத்தாவைச் செமோர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. தாத்தா திரும்பினார், ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, எலும்பும் தோலுமாக. அதன் பிறகுதான் தர்மாவின் அப்பா பிறந்தார். "அந்தக் குண்டு விழலேன்னா தாத்தா காட்டுலயே போயிருப்பாரு, நான் ஏது? ஆனா அங்க எத்தன வீட்டுல எத்தன தாத்தா செத்தாரு? இத நான் யார்கிட்ட போய்க் கேக்குறது, சொல்லு?" என்று ஒரு நாள் தர்மா கேட்டார். கேப்ரியல் காப்பியை ஆற்றிக் கொடுத்தார்.

காகிதங்கள் ஐம்பது பிஸ்கட் டின்களில் இருந்தன. கீழ் அறையின் சுவரோடு அஞ்சு தட்டு அலமாரி, தட்டுக்குப் பத்து டின். எந்த டின்னிலும் ஒரு நம்பர் கிடையாது, பெயர் கிடையாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தர்மா அந்தத் தட்டுகளை நெரை என்பார், டின்களை மரம் என்பார். ரப்பர் மரங்கள் வரிசையாக நிற்குமே, அந்த வரிசைக்குத் தோட்டத்தில் நெரை என்று பேர். "விமானத்துக் கதவா? மூணாவது நெரை, எட்டாவது மரம்" என்று சொல்லிக்கொண்டே போய் ஒரே எட்டில் எடுத்து வருவார். "ஒரு நோட்டுல எழுதி வையேன்டா" என்றால், "பால் வெட்டுக்காரன் மரத்துக்கெல்லாம் பேரா எழுதி வச்சிருக்கான்?" என்று திருப்பிக் கேட்பார். எடுப்பதும் வைப்பதும் அவரேதான். கேப்ரியலுக்கு அந்த அலமாரியைத் தொடுகிற வேலையே வந்ததில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் தர்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. ஆமா.

தண்ணி வேணுமா என்றால் ஆமா. வேணாமா என்றாலும் ஆமா. ரெண்டு நாள் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், அப்புறம் அந்த ஆமாவை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தர்மாவுக்கு அது தெரிந்துதான் இருந்தது போலும். வர வர அதையும் சொல்லாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் தினேஸ்வரி வாரா வாரம் பஸ் ஏறி வந்து போனாள். மாடிப்படி ஏற முடியாத அப்பா நாலு மாதமாகக் கூடத்துச் சோபாவில் படுத்துக் கிடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. கீழே இருப்பது ஒரே ஓர் அறை, அதுதான் டின்கள் இருக்கும் அறை.

"நாளைக்கு பழைய பேப்பர் லோரி வரச் சொல்லிருக்கேன் அங்கிள்" என்றாள் அந்தச் சனிக்கிழமை, வாசலிலேயே. "என்னைய கெட்டவளா நெனைக்காதீங்க. அப்பாவுக்கு இது புரியுதுன்னா நான் ஒரு டின்னக்கூட தொட மாட்டேன், கட்டில எப்படியாச்சும் நெருக்கிப் போட்டுக்கலாம். புரியலேன்னா எதுக்கு இந்தக் குப்பைக்கு நடுவுல அவர கிடத்தணும்? நீங்கதான் அவரு கூட ஒம்பது வருஷம் உக்காந்தவரு. நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா சரி."

கேப்ரியல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இந்தப் பாழாய்ப்போன தீர்ப்பு தன் தலையில்தானா விழ வேண்டும்? ஆனால் ஒரு வழி தோன்றியது. டின்னிலிருந்து ஒரு காகிதம் எடுத்துக் காட்டி, எந்த நெரை, எந்த மரம் என்று கேட்பது. தர்மா இடது கை விரலில் காட்டட்டும். உலகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த மூளை அது ஒன்றுதான்.

மூன்றாவது நெரையில் எண்ணிப் பார்த்து எடுத்த விமானக் கதவின் படத்தை முதலில் காட்டினார். தர்மா அதை உற்றுப் பார்த்தார். இடது கை மெல்ல எழும்பியது. மூணு விரல். பிறகு ஐந்து, பிறகு மூணு.

"மூணாவது நெரை, எட்டாவது மரம்! பாத்தியாம்மா?" கேப்ரியல் குதிக்காத குறை.

அடுத்தது ரெண்டாவது நெரை, ஒன்பதாவது மரம். தர்மா ரெண்டு விரல் காட்டினார். அப்புறம் திரும்பவும் ரெண்டு. தவறு.

நாலாவது நெரை, எட்டாவது மரம். தர்மா நாலு காட்டினார், பிறகு மூணு. தவறு. "நல்லா பாரு மச்சான், இது மூணு இல்ல, எட்டு" என்றார் கேப்ரியல். தர்மா இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் மூணு விரலையே நீட்டினார். "ஆமா" என்றார். "இல்லடா" என்றார் கேப்ரியல். "ஆமா. ஆமா!" தர்மாவின் முகம் சிவந்துவிட்டது.

இப்படியே பத்துக் காகிதம். ஐந்து சரி, ஐந்து தப்பு.

"நெரை நம்பர எல்லாம் சரியாத்தான்மா சொல்றான்" என்றார் கேப்ரியல், விட மனசில்லாமல்.

"மரம் தப்பா இருக்கே அங்கிள். பாதி சரி, பாதி தப்புன்னா..." தினேஸ்வரி முடிக்கவில்லை. அப்பாவின் சட்டைப் பித்தானைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டாள். தர்மா சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். கேப்ரியலுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இத்தனை வருஷமும் ஒரு அளவு அரை அங்குலம் இடித்தாலும் விடாமல் திரும்பத் திரும்ப அளக்க வைத்த மனுஷனின் முன்னால் நின்றுகொண்டு எப்படிப் பொய் சொல்வது? "சரிம்மா, எடுத்துடலாம்" என்றார். "லோரிக்காரன் கைல குடுக்க வேணாம். நானே இறக்கி வைக்கிறேன்."

அறைக்குள் போனதும் அவருக்குக் கண் மறைத்தது. முன்கையால் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். மேல் தட்டு, இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு டின்னாக இறக்கிக் கதவோரம் அடுக்கினார். வலது கோடியில் முதல் தட்டு முடிந்தது. மறுபடி இடது கோடிக்கு நடந்து வந்து ரெண்டாவது தட்டைத் தொட்டார்.

தர்மாவின் மனைவி குமுதா அறை வாசலில் காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். ஆளைக் கொல்லும் சாமான் இருக்கும் அறை என்று அவள் இத்தனை வருஷத்தில் உள்ளே காலை வைத்ததில்லை. கல்யாணத்துக்கு முன் தோட்டத்தில் அவளும் ஆறு வருஷம் பால் வெட்டியவள்.

"என்னண்ணே இது, கூத்தா இருக்கு" என்றாள், அழுது வீங்கிய முகத்தில் ஒரு சிரிப்போடு. "ஒரு நெரை முடிஞ்சா மறுபடி மொதல்லேர்ந்தா நடந்து வாரீங்க? எங்க தோட்டத்துல இப்படி வெறுங்கையோட வெறும் நட நடந்தீங்கன்னா கங்காணி சிரிச்சிருவாரு. போறப்ப ஒரு நெரை வெட்டுவோம், வாரப்ப அடுத்த நெரைய வெட்டிக்கிட்டே வருவோம். அந்தக் கோடிதான் அதுக்கு மொத மரம்."

கேப்ரியல் கையில் டின்னோடு அப்படியே நின்றார்.

"என்ன சொன்ன தங்கச்சி? திரும்பச் சொல்லு."

"இந்த நெரைக்கு அங்கேர்ந்து எண்ணணும்னேன். இது தெரியாதா? பட்டணத்து ஆளுங்களுக்கு எல்லாத்தையும் சொல்லித்தான் குடுக்கணும்" என்றாள் குமுதா.

"அலாமாக்!" என்று டின்னைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

ரெண்டாவது நெரை. இடமிருந்து ஒன்பது. வலமிருந்து எண்ணினார். ஒன்று, ரெண்டு. நாலாவது நெரை. இடமிருந்து எட்டு. வலமிருந்து ஒன்று, ரெண்டு, மூணு. நாலு மாதமாகப் பேச முடியாமல் கிடக்கும் மனுஷன் பத்துக்குப் பத்தும் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஈப்போவில் பிறந்து, ரப்பர் மரத்தை ரயில் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்த ஒரு வயர்மேன், பெரிய வாத்தியார் மாதிரி தப்பு தப்பு என்று போட்டிருக்கிறான். அதுவும் தர்மாவின் முகத்துக்கு நேராக!

நாலாவது நெரையின் மூன்றாவது மரத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். அதற்குள் காகிதங்களோடு ஒரு சின்னப் பலகையும் இருந்தது. கேப்ரியல் செய்ததுதான். மூணு துளை, மூணு பச்சை பிளக், மூணு சிவப்பு பிளக், எல்லாம் மரம். அந்தக் குண்டில் பச்சை பிளக் இருக்கும் வரை அது வெடிக்காது. விமானம் பறந்துகொண்டிருக்கும்போது ஓர் இளம் அதிகாரி பச்சை மூன்றையும் பிடுங்கிவிட்டுச் சிவப்பைச் செருகினார். அதற்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று தர்மா இந்தப் பலகையை வைத்துக்கொண்டு தானே பதினாறு முறை செய்து பார்த்திருந்தார், கேப்ரியல் கடிகாரம் பிடித்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தத் தாளின் அடியில் தர்மாவின் கையெழுத்து: "என் கை நடுங்குகிறது. அவன் கை?"

கேப்ரியல் நடந்ததைச் சொன்னார். பாதி சொல்லும்போதே தினேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. அவள் தரையில் உட்கார்ந்து, அப்பாவின் செத்த வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, நான் உங்கள..." என்று தேம்பினாள். தர்மாவின் இடது கை அவள் தலையைத் தடவியது. தாமதமாகத்தான், ஆனால் தடவியது.

பிறகு அந்தக் கை பலகையைக் கேட்டு நீண்டது.

கேப்ரியல் அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். தர்மா ஒரு பச்சை பிளக்கைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார், வந்துவிட்டது. உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வரும் பெண் பந்தைக் கொடுத்து அழுத்துங்க அழுத்துங்க என்று கெஞ்சினாலும் வீம்பாக மூட மறுத்த இடது கை அது. ரெண்டாவதும் வந்தது, மூன்றாவதும் வந்தது. பழக்க தோஷம், கேப்ரியலின் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. தர்மா சிவப்பு பிளக்குகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பச்சையை எடுத்து, ஒவ்வொன்றாக, அந்தந்தத் துளையிலேயே திரும்பச் செருகினார். ஏழு நிமிஷம் ஆயிற்று.

குமுதாதான் முதலில் வாயைத் திறந்தாள். "கட்டில எந்தப் பக்கம் போடுறது? ஜன்னலோரம் போட்டா அலமாரிய நகத்த வேணாம்" என்றாள்.

தினேஸ்வரி லோரிக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கேப்ரியல் சோபாவுக்குப் பக்கத்தில் முட்டி போட்டார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத ஆள், அதுவும் தர்மாவிடம்.

"மச்சான்" என்றார். "நீ மொதல்லேயே சொன்னே, எனக்கு மூளையத்தான் படம் எடுக்கணும்னு. சரியாத்தான் சொல்லிருக்கே, இல்லையா?"

தர்மாவின் முகத்தில் பாதி மட்டும் சிரித்தது. அந்தப் பாதி போதும்.

"ஆமா" என்றார், தெளிவாக, வீடு முழுக்கக் கேட்கும்படி.