அமுக்கியது அக்கா அல்ல

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்கத்திலிருந்து வந்தது. ‘நன்றியிலிருந்து’ என்று எழுதி அடித்துவிட்டேன். நன்றி பிறகுதான் வந்தது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

வங்கி அனுப்பியதுபோல் இருந்த அந்த மின்னஞ்சலை அக்கா நம்பி, அதிலிருந்த லிங்கை அமுக்கிவிட்டாள். நல்ல வேளையாக, ஒரு காலத்தில் வங்கியின் உதவி மையத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்த தம்பி பக்கத்தில் இருந்தான். அவன் அமைதியாக

அவன் அமைதியாக என்ன செய்தான் என்று எழுத வரவில்லை. அதற்குள் அக்கா பின்னால் வந்து நின்று திரையைப் படித்துவிட்டாள்.

“டேய், நான் எப்படா அமுக்கினேன்?”

“கதைதானே அக்கா.”

“கதைன்னா நீ அமுக்கினதா எழுது. பழியைத் தூக்கி என் தலையில போட்டுட்டு, கதையாம் கதை!”

2

சரி, நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் காரில், அடுத்தவருக்குக் கீழே. சொந்தமாக ஒரு கார் வாங்க அவள் சேர்த்த பணம் எங்கள் இருவர் பெயரிலும் உள்ள கணக்கில் இருந்தது. அதில் என் பங்கு என் பெயர் மட்டும்தான். வீடு மாறியிருந்தோம். முகவரியை மாற்றச் சொல்லி வங்கிக்கு விண்ணப்பித்திருந்தேன். மூன்றாம் நாள் காலை மின்னஞ்சல் வந்தது: முகவரி மாற்றம் பாதியில் நிற்கிறது, மாலைக்குள் உறுதிசெய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்.

(அனுப்பிய மோசடிக்காரர்களுக்கு என் விண்ணப்பம் தெரிந்திருக்காது. பல்லாயிரம் பேருக்கு அனுப்பியிருப்பார்கள். அதில் வீடு மாறியவன் ஒருவன் சிக்கினால் போதும். வந்த லிங்கைத் தொடாதீர்கள், வங்கியின் இணைய முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய்ப் பாருங்கள் என்று எட்டு மாதம் வங்கி உதவி மையத்தில் தொலைபேசியில் ஓதியவன் நான். ஊருக்கு உபதேசம்.)

லிங்கை அமுக்கினேன். பயனர் பெயரைக் கொடுத்தேன், பாஸ்வேர்டைக் கொடுத்தேன். பிறகு ஓடிபி கேட்டது. அது அக்காவின் போனுக்குத்தான் வரும். கூப்பிட்டேன்.

“அக்கா, ஆறு நம்பர் வந்திருக்கும். சொல்லு.”

“இரு, வண்டியை ஓரம் கட்டச் சொல்றேன்.” ஒரு நிமிடம் கழித்து, “எதுக்குடா இது?”

“முகவரி மாத்தத்தான்.”

“முகவரின்னு இதுல எங்கயும் காணோமே. பணம் அனுப்பப் புது ஆளைச் சேர்க்கன்னுல்ல போட்டிருக்கு. யாருடா அந்த ஆளு?”

அப்போதுதான் திரையின் மேலே இருந்த இணைய முகவரியைப் படித்தேன், வங்கியுடையது இல்லை.

“யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு வேற இருக்கு. நீ அந்த யார்கிட்டயும்ல சேர்த்தியா இல்லையா?”

“அக்கா, சொல்லிடாதே!” என்று போனை வைத்தேன்.

3

இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதினேன்.

கார்டின் பின்னால் அச்சிட்டிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். (மின்னஞ்சலிலும் ஓர் எண் இருந்தது. அதற்குக் கூப்பிடாத அளவுக்கு மூளை மிச்சமிருந்தது.) ஒரு பெண் எடுத்தார். பெயர் சொன்னார், பதற்றத்தில் காதில் ஏறவில்லை. ஒரு வரைவில் அவருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டினேன். இன்னொன்றில் பள்ளிக்கூடம் போகும் மகளைக் கொடுத்தேன். எல்லாம் புளுகு. எனக்குத் தெரிந்தது ஏழு நிமிடக் குரல்.

“ஓடிபி சொல்லிட்டீங்களா சார்?”

“இல்லைங்க.”

“ரொம்ப நல்லது. கணக்கை இப்பவே நிறுத்தி வைக்கிறேன். லைன்லயே இருங்க.”

நிறுத்தினார். பணம் போட்ட இடத்திலேயே இருந்தது.

“நானும் இதே வேலை பார்த்தவன்தாங்க,” என்று உளறினேன். சிரிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“அப்ப உங்களுக்கே தெரியுமே சார். பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கிட்டு மறுநாள்தான் கூப்பிடுவாங்க. நீங்க உடனே கூப்பிட்டீங்க.”

பாஸ்வேர்டை வேறு போனிலிருந்து மாற்றவும், அந்த மின்னஞ்சலை வங்கிக்கு அனுப்பிவிட்டு அழிக்கவும் சொன்னார். ஏன் அமுக்கினீர்கள் என்று கேட்கவே இல்லை. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, அழைத்த எல்லாரிடமும் முதலில் கேட்டது அதைத்தான்.

4

கதைக்கு முடிவுகள்.

அ) திருடன் பிடிபடுகிறான். (அவன் யாரென்றே தெரியாது. அடித்துவிட்டேன்.)

ஆ) அக்கா கார் வாங்குகிறாள். (“வாங்கினப்புறம் எழுது. கண்ணு வைக்காதே.”)

இ) அன்று மதியம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. எங்கள் ஊழியரின் சேவைக்கு நட்சத்திரம் அளியுங்கள், இதோ லிங்க். வங்கியே அனுப்பியிருக்கலாம். அந்த நட்சத்திரங்களை வைத்துத்தான் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று முடிவாகும், பட்டவன் சொல்கிறேன். விரல் லிங்க் பக்கம் போய்விட்டது.

“தொட்டே, விரலை ஒடிச்சிடுவேன்,” என்றாள் அக்கா.

தொடவில்லை. மறுநாள் உதவி மையத்துக்கே மறுபடி கூப்பிட்டேன். இருபது நிமிடம் இசை. இம்முறை ஓர் ஆண் குரல்.

“நேத்து காலையில பதினோரு மணிக்கு என்கிட்ட பேசினவங்களுக்கு நன்றி சொல்லணும்.”

“இங்க இருநூறு பேர் இருக்கோம் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

“வேற ஒண்ணும் இல்லைங்க.”

“இதுக்கா இவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?”

“ஆமாங்க.”

“சரி சார். விசாரிச்சுப் பார்க்கிறேன்.”

விசாரித்தாரா? நான் எழுதினால் அவர் விசாரிக்காமல் அடுத்த அழைப்பை எடுத்துவிடுவார். அந்த அறையை எனக்குத் தெரியும். அதனால் இதை முடிக்கும் தகுதி எனக்கில்லை. நீங்கள் எழுதுங்கள். நடக்கக்கூடியதை எழுத வேண்டாம், அதை நானே எழுதிவிடுவேன். முதல் வரியை மட்டும் தருகிறேன்:

அவர் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து,