ஜன்னல் மேஜையில் ஆலோசகர்

வியன்னாவில் ஒரு மனுஷன் செத்தால் பாதிதான் போவான். மீதி, பட்டமாக மனைவியிடம் தங்கிவிடும். பேரரசர் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பட்டங்களுக்கு மட்டும் இன்னும் சாவு வரவில்லை. டாக்டரின் மனைவி டாக்டரம்மா, அரசவை ஆலோசகரின் மனைவி அரசவையம்மா. அப்படித்தான் ஹோட்டல்கார ஹெர்மினே செர்னி, கணவர் ஒட்மாரைப் புதைத்த நாளிலிருந்து ஆலோசகரம்மா ஆனாள்.

ஒரே ஒரு சங்கடம். 'வணிக ஆலோசகர்' என்ற பட்டத்தை அரசாங்கம் ஒட்மாருக்குக் கொடுக்கவே இல்லை. கல்லறைக் கல் வெட்டுகிறவன், "பேருக்கு முன்னால என்னம்மா போடணும்?" என்று கேட்டான். ஹெர்மினேயின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கல் வெட்டுகிறவன் சான்றிதழா கேட்பான்? ஊர்வலத்தில் கறுப்புக் குதிரைகள், பித்தளை வாத்தியம், மலை மாதிரி மலர்வளையங்கள். தடபுடலான சவ அடக்கத்தை வியன்னாவில் 'அழகான பிணம்' என்பார்கள்; ஊரே அப்படிப் பாராட்டியது. அங்கே உயிரோடிருப்பவருக்குக்கூட அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது.

அதற்குப் பிறகுதான் ஹோட்டலின் காபிக் கூடத்தில் ஜன்னலோர மேஜை கெட்டுப்போயிற்று.

அது ஒட்மார் தினமும் உட்கார்ந்த இடம். அரண்மனையையும் தேவாலயத்தையும் பார்த்துவிட்டுக் கால் கடுக்க வரும் வெளியூர்க்காரர்கள் அங்கே போய் உட்காருவார்கள், கேக் வரும், இரண்டு வாய் தின்பதற்குள் குளிர் தாங்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு வேறு மேஜை கேட்பார்கள். "கேக் பிரமாதம். ஜன்னல் மேஜையில் ஏற்கெனவே யாரோ இருக்கிறார்" என்று ஒருத்தி இணையத்தில் எழுதியே விட்டாள். அறை கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

கடைசியில் ஹெர்மினே அங்கே யாரையும் உட்கார விடவில்லை. மாலையானால் ஒட்மாருடைய காபி மட்டும் போகும். வெள்ளித் தட்டு, பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர், கிளாஸின் வாய்மேல் கவிழ்த்து வைத்த கரண்டி.

அந்தக் கரண்டி விழுந்துகொண்டே இருந்தது.

"எங்கல்பெர்ட், கரண்டியச் சரியா வைக்கத் தெரியாதா உமக்கு?"

முப்பது வருஷம் வாடிக்கையாளர்களை முறைத்தே பழகிய பணியாளர் அவர். "நான் சரியாத்தான் வெக்கிறேன், அம்மணி. ஆலோசகருக்குத்தான் பிடிக்கல."

டிங். கரண்டி தட்டில் விழுந்தது.

மேஜையைச் சுற்றிக் குளிர் பரவியது. ஒட்மார் தலைமுடிக்குத் தடவும் வாசனைப் பசையின் மணம் மெல்ல வந்தது.

இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் அனைத்துப் புனிதர் நாளில் கல்லறைக்குப் போனாள். மூடுபனிக்குள் எங்கு பார்த்தாலும் சிவப்புக் கண்ணாடி விளக்குகள். அவள் வைத்த விளக்கு மட்டும் அந்தப் பட்டத்துக்கு நேர் கீழே அணைந்தது. ஏற்றினாள். அணைந்தது. ஒரு கை அகலம் தள்ளி, வெறும் 'ஒட்மார்' என்று இருந்த இடத்துக்குக் கீழே வைத்தாள். நின்று எரிந்தது.

காரணம் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்தால் போதுமா? கல்லைச் செதுக்கிவிடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். சிடோனியே மட்டும் கவனிப்பாள். கணவரை எப்போதோ புதைத்துவிட்டு, வாரந்தோறும் காபிக்கு வரும் அரசவையம்மா. நிஜமான அரசவையம்மா. நாற்பது வருஷமாக ஹெர்மினேயை வெறும் ஹோட்டல்காரி என்று தாழ்த்திப் பேசியவள், இந்த ஒரு வருஷமாகத்தான் சமமாக உட்காருகிறாள்.

அந்த வாரமும் வந்தாள், தொப்பியில் இறகு ஆட.

"எப்படி இருக்கீங்க, ஆலோசகரம்மா?"

டிங்.

"என்னங்க இது, உங்க பணியாளுக்குக் கை நடுங்குதா? எங்க வீட்டுக்காரர் அரசவை ஆலோசகரா இருந்த காலத்துல..."

ஜன்னல் மேஜையில் நாற்காலி ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது. கிளம்பப் போகிறவர் நகர்த்துவது போல. ஹெர்மினே அதைப் பார்த்தாள். ஒட்மாரின் காபியில் ஆடை படிந்திருந்தது. பாவம், பதினான்கு மாதமாக ஒரு வாய் நிம்மதியாகக் குடிக்கவில்லை. இவ்வளவு பெரிய ஹோட்டலில் அவர் கேட்பது அவர் பெயரை மட்டும்தான்.

"சிடோனியே, அவருக்குப் பட்டம் எதுவும் கிடைக்கல. நானாத்தான் போட்டுக்கிட்டேன். நாளைக்குக் கல்லுல இருந்து எடுக்கச் சொல்லப்போறேன்."

 எங்கல்பெர்ட் கேக் தட்டோடு அப்படியே நின்றார்.

"அடடா." சிடோனியே உதட்டோரம் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் ஒரு வருஷத்துச் சமத்துவமும் வடிந்துபோயிற்று. "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம், திருமதி செர்னி. பரம்பரைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

ஹெர்மினே ஜன்னல் பக்கம் திரும்பி, கல்யாணமான புதிதில் கூப்பிட்ட மாதிரி, "ஒட்டி, காபி ஆறுது, குடிங்க" என்றாள்.

கரண்டி அசையவில்லை. கோப்பையிலிருந்து புதிதாக ஆவி எழுந்தது. கூடம் முழுக்க இருந்த குளிர் ஒரு பெருமூச்சு போல இறங்கி அடங்கியது. வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர் கழுத்துத் துணியைக் கழற்றினார்.

"கைக்கு முத்தம், திருமதி செர்னி" என்று வியன்னா மரியாதையில் வணக்கம் சொன்னார் எங்கல்பெர்ட். முறைக்கவில்லை. பிறகு பழக்கதோஷத்தில் இன்னொரு பக்கம் குனிந்தார். "அரசவையம்மாவுக்கு இன்னொரு காபி?"

டிங்.

இந்த முறை விழுந்தது சிடோனியேயின் கரண்டி.

"ஜன்னலைச் சாத்துய்யா!" என்றாள் சிடோனியே, தோள்களை ஒடுக்கிக்கொண்டு.

"எல்லாம் சாத்தித்தான் இருக்கு, அரசவையம்மா."

டிங்.

தொப்பி இறகு நடுங்கியது. அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலி, யாரோ உட்காருவதற்கு இழுத்தது போல, மெதுவாக விலகியது.

ஹெர்மினே எழுந்து போய் அந்த நாற்காலிக்கு முன்னால் இன்னொரு கோப்பையை வைத்தாள்.

"சொல்லிடுங்க, சிடோனியே," என்றாள். "பாவம், உங்க வீட்டுக்காரரும் ரொம்ப நாளாக் காத்துக்கிட்டு இருப்பார்."